கூடங்குளத்துக்கு லாரியில் வரும் கழிவு

கூடங்குளம் என்ற பேச்சை எடுத்தால் போதும், ராதாபுரம் பக்கத்து டீக்கடை முதல் சென்னைத் தொலைக்காட்சி விவாதம் வரை யாராவது ஒருவர் இதைச் சொல்லாமல் விடுவதில்லை: “இந்தியாவில் இருக்கிற அத்தனை அணு உலைக் கழிவையும் இங்கே கொண்டுவந்துதான் கொட்டப் போகிறார்கள்.” 2019 ஜூலை 10-ல் நடப்பதாக இருந்த கருத்துக்கேட்புக் கூட்டம் தள்ளிவைக்கப்பட்ட பிறகு இந்தப் பேச்சு இன்னும் கொழுத்தது. அறிவிப்பைப் படித்தவர்கள் கொஞ்சம் பேர். படிக்காமலே வாட்ஸ்அப்பில் தள்ளிவிட்டவர்கள்தான் ஏராளம்.

இது அரைகுறைத் தவறுகூட அல்ல, அடியோடு தவறு.

அந்தக் கூட்டம் எதைப் பற்றியது? ‘ஏ.எஃப்.ஆர்.’ எனப்படும் சேமிப்பகத்தைப் பற்றியது. உலைக் கட்டடத்துக்கு வெளியே, ஆனால் அதே அணுமின் நிலைய வளாகத்துக்குள், கூடங்குளத்தின் 1, 2-ஆம் உலைகளில் பயன்படுத்தி முடித்த எரிபொருளை வைக்கும் இடம் அது. ஒவ்வோர் உலையிலும் 163 எரிபொருள் கட்டுகள் இருக்கின்றன. உலையை நிறுத்தி எரிபொருள் மாற்றும்போதெல்லாம் அவற்றில் ஒரு பகுதி வெளியே வரும். அப்படி வருவதில் வெப்பமும் அதிகம், கதிர்வீச்சும் அதிகம். அதனால் உலையை ஒட்டியுள்ள ஆழமான நீர்த்தொட்டிக்குள் நேராக இறக்கிவிடுவார்கள். தண்ணீர் சூட்டை ஆற்றுகிறது, கதிர்வீச்சையும் தடுக்கிறது. ஆனால் தொட்டிக்குக் கொள்ளளவு என்று ஒன்று உண்டு. முதல் உலை தொடர்வினையைத் தொடங்கியது 2013 ஜூலையில், இரண்டாவது 2016 ஜூலையில். வருடங்கள் போகப் போகத் தொட்டி நிரம்பும். நிரம்புவதற்குள் வேறு இடம் வேண்டும்.

சரி, மற்ற ஊர்க் கழிவை ஏன் இங்கே கொண்டுவர முடியாது? கல்பாக்கம், கைகா போன்ற கனநீர் உலைகளின் எரிபொருள், செறிவூட்டாத யுரேனியம் நிரப்பிய, சுமார் அரை மீட்டர் நீளமுள்ள சிறு உருளைக் கட்டு. கூடங்குளத்தின் ரஷ்ய எரிபொருள் கட்டு அறுகோண வடிவம். நாலரை மீட்டர் உயரம், உள்ளே 300-க்கும் மேற்பட்ட மெல்லிய கம்பிகள், செறிவூட்டிய யுரேனியம். ஒன்றுக்காகச் செய்த அடுக்குச் சட்டமும் தூக்கும் கருவியும் மற்றதற்கு உதவாது. இட்லித் தட்டில் தோசை வார்க்கச் சொல்கிற கதைதான். தாராப்பூருக்கும் ராஜஸ்தானின் ராவத்பாட்டாவுக்கும் சொந்தச் சேமிப்பகங்கள் ஏற்கெனவே உண்டு. அவர்கள் எதற்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டித் திருநெல்வேலிச் சீமைக்கு லாரி அனுப்ப வேண்டும்?

வதந்தி பரப்புபவர்கள் வசதியாக மறந்துவிடும் இன்னொன்று உண்டு. இந்தச் சேமிப்பகம் வேண்டும் என்று அழுத்திச் சொன்னது உச்ச நீதிமன்றம். கூடங்குளத்தை எதிர்த்த வழக்கில் 2013 மே 6 அன்று தீர்ப்பு வந்தபோது, நிலையத்துக்கு அனுமதி கொடுத்த கையோடு 15 நிபந்தனைகளையும் நீதிபதிகள் விதித்தார்கள். ஏ.எஃப்.ஆர். பணியை விரைவுபடுத்த வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. ஐந்து வருடங்களில் முடிக்கிறோம் என்றது அணுமின் கழகம். முடியவில்லை. இந்த வகை எரிபொருளுக்கு இங்கே இதுவே முதல் முறை, வேலை கடினம் என்று சொல்லி 2022 வரை அவகாசம் வாங்கியது. அதாவது, மக்கள் பாதுகாப்புக்காக நீதிமன்றம் கேட்ட ஒன்றைத்தான் மக்களை அழிக்கும் சதி என்று மேடை போட்டுப் பேசுகிறார்கள்.

உலைத் தொட்டியிலேயே வைத்துக்கொண்டால் என்ன என்று கேட்பவர்கள் ஃபுகுஷிமாவைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கட்டும். 2011 மார்ச்சில் நான்காம் உலை ஓடிக்கொண்டிருக்கவில்லை. ஆனால் அதன் மேல்தளத் தொட்டியில் 1,535 எரிபொருள் கட்டுகள் கிடந்தன. கட்டடத்தின் மேற்பகுதி வெடித்துச் சிதறியதும் உலகமே அந்தத் தொட்டியை நினைத்துப் பதைத்தது. அவற்றை முழுக்க வெளியே எடுத்து முடித்தது 2014 டிசம்பரில். அதே வளாகத்தில், உலைகளிலிருந்து தள்ளியிருந்த பொதுத் தொட்டியும் உலர் கலன்களும் சுனாமியைத் தாங்கி நின்றன. உலையிலிருந்து தள்ளி வைப்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

இவ்வளவையும் சொல்லிவிட்டு அதிகாரிகளை விட்டுவிட்டால் நியாயமில்லை. வதந்திக்குத் தீனி போட்டதே அவர்கள்தான். நானூறு பக்கச் சூழல் அறிக்கையைவிட, எளிய தமிழில் நான்கு பக்கம் போதும் என்பது அவர்களுக்கு உறைப்பதில்லை. “முழுப் பாதுகாப்பு, பயப்பட ஒன்றுமில்லை” என்ற ஒற்றை வாக்கியத்தோடு வேலையை முடித்துக்கொள்கிறார்கள். 1988-ல் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் ஒப்பந்தம் போட்டபோது, பயன்படுத்திய எரிபொருள் சோவியத் நாட்டுக்கே திரும்பிப் போவதாக இருந்தது. பிறகு ஏற்பாடு மாறி, அது இங்கேயே தங்குவதானது. அந்த மாற்றத்தை இடிந்தகரை மீனவரிடம் உட்கார்ந்து விளக்கியது யார்? ஏ.எஃப்.ஆர். தற்காலிகம் என்கிறார்கள். எத்தனை வருடத் தற்காலிகம்? ஃபின்லாந்து ஓல்கிலுவோட்டோவில் சுமார் 430 மீட்டர் ஆழத்தில், கெட்டிப் பாறைக்குள், செப்புக் கலன்களில் வைப்பதற்காக ‘ஓன்கலோ’ சுரங்கத்தையே வெட்டிவிட்டது. இந்தியாவில் அப்படி ஒரு நிரந்தர ஆழ்நிலக் கிடங்கு இல்லை. எரிபொருளை மறுசுழற்சி செய்வோம், மிஞ்சுவதைக் கண்ணாடியாக்கி வைப்போம் என்பது அரசின் கொள்கை. கொள்கை சரி, கால அட்டவணையைக் கேளுங்கள். இல்லாத லாரிகளை மறிப்பதைவிட உருப்படியான வேலை அது.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டியதில்லை. உலை அணுகுண்டாக வெடிக்குமா? வெடிக்காது. அந்தச் செறிவில் குண்டு செய்ய முடியாது. நீராவியும் ஹைட்ரஜனும் வெடிக்கலாம், அது வேறு கதை, போதுமான அளவு மோசமான கதை. கல்பாக்கத்தைச் சுனாமி முடக்கிப்போட்டதா? 2004 டிசம்பர் 26-ல் கடல்நீர் இறைக்கும் அறைக்குள் அலை புகுந்தது, ஓடிக்கொண்டிருந்த இரண்டாம் உலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது. உயிர்ச்சேதம் உலையால் வரவில்லை, குடியிருப்புக்குள் புகுந்த அலையால் வந்தது. கதிர்வீச்சு என்பதே மனிதன் கண்டுபிடித்த விஷமா? கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இருக்கும் மோனசைட்டும் தோரியமும் அணு உலை என்ற சொல் பிறப்பதற்கு முன்பே அங்கே இருந்தவை.

“இதையெல்லாம் கேட்பாரே இல்லை” என்ற புலம்பலை மட்டும் பாதி ஒப்புக்கொள்ளலாம். கேட்பதற்கென்றே 1983 நவம்பர் 15-ல் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் அமைக்கப்பட்டது. ஆனால் அது பதில் சொல்ல வேண்டிய அணுசக்தி ஆணையத்தின் தலைவர், அணு உலைகளை நடத்தும் துறையின் செயலாளரேதான். 2012-ல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் இதைக் காட்டமாகவே கேட்டார். 2011-ல் கொண்டுவந்த தனி ஆணைய மசோதா நாடாளுமன்றம் கலைந்ததோடு காலாவதியானது. 2025 டிசம்பரில் நிறைவேறிய புதிய சட்டம்தான் வாரியத்துக்குச் சட்ட அந்தஸ்து தந்தது. அந்தஸ்து வந்துவிட்டது. உறுப்பினர்களை நியமிப்பது யார், சம்பளம் எங்கிருந்து வருகிறது என்பதை இனிதான் கவனிக்க வேண்டும்.

அதே தணிக்கை அறிக்கையில் ஒரு கணக்கு இருந்தது. கூடங்குளத்துக்காகத் தொண்டை கிழியக் கத்தியவர்களில் எத்தனை பேர் அதைப் படித்தார்களோ தெரியாது. நாட்டில் இருந்த 57,443 மருத்துவ எக்ஸ்ரே நிலையங்களில் வாரியத்தில் பதிவானவை வெறும் 5,270. மற்றவை, அதாவது நூற்றுக்கு 91, ஒழுங்குமுறைக்கு வெளியே ஓடிக்கொண்டிருந்தன. இணையவழிப் பதிவு வந்தபின் நிலைமை மாறியிருக்கிறது. ஆனாலும் கதிர்வீச்சு சாதாரண மனிதரைத் தொடும் இடம் பெரும்பாலும் கடற்கரை உலை அல்ல, பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் ஸ்கேன் சென்டர்தான்.

இந்தியாவில் கதிரியக்கப் பொருள் நகரத்துக்குள் நுழைந்து ஆளைக் கொன்ற சம்பவமும் அணுமின் நிலையத்திலிருந்து வந்ததல்ல. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் பல வருடங்களாகத் தொடாமல் கிடந்த கோபால்ட்-60 ஆய்வுக் கருவி, 2010 பிப்ரவரியில் ஏலத்தில் பழைய இரும்பாகப் போனது. மாயாபுரி காயலான் கடையில் அதைப் பிரித்தார்கள். உள்ளே இருந்த பளபளக்கும் துண்டு ஒன்று ஒருவருடைய பர்ஸுக்குள் போய், பின்பாக்கெட்டில் பயணம் செய்தது. அவர் தோல் வெந்தது. பாதிக்கப்பட்டவர்களில் ஒருவர் இறந்தார். பயன்பாடு முடிந்த இத்தகைய மூலத்தை முறைப்படி ஒப்படைத்திருக்க வேண்டும் என்ற விதி அப்போதும் இருந்தது.

ஆகவே, அடுத்த முறை எக்ஸ்ரே எடுக்கப் போகும்போது வாரியத்தின் பதிவு இருக்கிறதா என்று வரவேற்பறையில் கேட்கலாம். குழந்தையைப் பிடித்துக்கொண்டு உள்ளே நிற்கச் சொன்னால் ஈயக் கவசம் எங்கே என்று கேட்கலாம். உங்கள் ஊர் மருத்துவமனை பழைய கோபால்ட் சிகிச்சை இயந்திரத்தைக் கழற்றினால், அந்த மூலம் எங்கே போனது என்று தகவல் அறியும் சட்டத்தில் ஒரு மனு போடலாம். அதற்குக் கட்டணம் பத்து ரூபாய்.