சினமூட்டுபவரும் குருவே

வங்கத்தில் பிறந்த பௌத்த ஆசாரியர் அதீசர் (982–1054), பெருங்கருணையின் சாதனையைப் பயில விரும்பிக் கடல் கடந்து சுவர்ணத்வீபம் சென்றார். அங்கு தர்மகீர்த்தி என்னும் குருவிடம் 12 ஆண்டுகள் பயின்று திரும்பி, விக்கிரமசீல மகாவிகாரத்தில் போதித்தார். 1042-இல் அவர் திபெத்தை அடைந்தார். அவர் வழங்கிய சாதனை அங்கே ‘லோஜோங்’, அதாவது மனப்பயிற்சி, என வேரூன்றியது.

திபெத்தியர் இனிய சுபாவம் உடையவர் எனக் கேள்வியுற்ற அதீசர், எரிந்து விழும் பணியாள் ஒருவனை உடன் அழைத்துச் சென்றார் என்பது மரபுவழிச் செய்தி. சினமூட்டுபவர் இல்லையேல் பொறுமையை எவரிடம் பழகுவது?

இப்பயிற்சியின் உயிர்நாடி ‘கொடுத்தலும் ஏற்றலும்’ ஆகும். மூச்சை உள்ளிழுக்கையில் பிறர் துன்பத்தை ஏற்பதாகவும், வெளிவிடுகையில் தன் நலனை அவர்க்கு வழங்குவதாகவும் சாதகர் பாவனை செய்கிறார். இதனைத் தன் துன்பத்திலிருந்தே தொடங்குதல் வேண்டும்.

நோயுற்ற தாய் நள்ளிரவில் நான்காம் முறையாக அழைக்கிறாள். மகளின் உள்ளத்தில் சலிப்பு எழுகிறது. அதற்காக அவள் தன்னை நொந்துகொள்ள வேண்டியதில்லை. ஒரு கணம் நின்று, தன் சலிப்பையும், இவ்வாறே கண்விழித்துச் சோர்ந்திருக்கும் அனைவரின் சலிப்பையும் மூச்சோடு ஏற்கிறாள். அனைவர்க்கும் அமைதியை வேண்டி மூச்சை விடுகிறாள். பிறகு எழுந்து செல்கிறாள்.

தாயின் வலி அதனால் தீர்ந்துவிடுவதில்லை. ஆயினும் போர்வையைச் சரிசெய்யும் கரத்தில் கடுமை இராது. அந்த முதிய உடல் அதனை உணரும். கருணை அங்கே தொடங்குகிறது.