மூலக்கூறு முனைவுள்ளதா, முனைவற்றதா? சயனைடு ஆலைப் பொருள்களைக் கொண்டு கண்டறியும் முறை

கோலார் தங்கவயலில் ஊரிகம் முதலிய சுரங்கங்களிலிருந்து வெட்டியெடுத்த தாதுவைப் பொடியாக்கி, அதிலிருந்த தங்கத்தைச் சோடியம் சயனைடுக் கரைசலில் கரைத்துப் பிரித்தெடுக்கும் முறை நீண்ட காலம் கையாளப்பட்டது. 1887-இல் மக்ஆர்தரும் ஃபாரஸ்ட் சகோதரர்களும் காப்புரிமை பெற்ற இம்முறையின் கழிவே, 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்ட பின்னும் அங்கு நிற்கும் சயனைடு மேடுகள். இம்முறையோடு தொடர்புடைய பொருள்களைக் கொண்டே மூலக்கூறின் முனைவுத்தன்மையை, அதாவது அதன் ஒருபுறம் சற்றே எதிர்மின் தன்மையும் மறுபுறம் சற்றே நேர்மின் தன்மையும் பெற்றிருக்கும் நிலையை, ஐந்து படிகளில் கண்டறியலாம்.

1. மூலக்கூறுதானா என உறுதிசெய்தல்

சோடியம் சயனைடு அயனிகளால் ஆனது. தங்கம் பொதிந்த குவார்ட்ஸ் பாறையோ சிலிக்கனும் ஆக்சிஜனும் முடிவின்றிப் பின்னிய வலை. இவ்விரண்டிலும் தனி மூலக்கூறு இல்லையாதலால் இக்கேள்வியே எழாது. நீர், ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடு, ஹைட்ரஜன் சயனைடு ஆகியவற்றுக்கே அடுத்த படிகள் பொருந்தும்.

2. பிணைப்புகளை ஆராய்தல்

பிணைப்புகளையும், பிணைப்பில் சேராத தனித்த எலக்ட்ரான் இரட்டைகளையும் காட்டும் லூயிஸ் அமைப்பை வரைந்து, பிணைந்த அணுக்களின் எலக்ட்ரான் கவர்தன்மையை, அதாவது பிணைப்பு எலக்ட்ரான்களைத் தன்பால் இழுக்கும் திறனை, ஒப்பிட வேண்டும். பாலிங் அளவீட்டில் ஹைட்ரஜனுக்கு 2.20, கார்பனுக்கு 2.55, நைட்ரஜனுக்கு 3.04, ஆக்சிஜனுக்கு 3.44. ஆக்சிஜன் மூலக்கூறில் இரு அணுக்களும் ஒன்றேயாதலால் வேறுபாடு சுழி. அது முனைவற்றது என இங்கேயே முடிவாகிவிடுகிறது.

3. வடிவத்தைக் காணுதல்

மைய அணுவைச் சூழ்ந்த பிணைப்புகளும் தனித்த எலக்ட்ரான் இரட்டைகளும் ஒன்றையொன்று விலக்கி அமைவதிலிருந்து வடிவம் கிடைக்கிறது. நீரின் ஆக்சிஜனில் இரண்டு தனித்த இரட்டைகள் இருப்பதால் அம்மூலக்கூறு 104.5 பாகைக் கோணத்தில் வளைந்திருக்கிறது. கார்பன் டை ஆக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் நேர்கோடாக உள்ளன.

4. இழுவிசைகளைத் திசையோடு கூட்டுதல்

ஒவ்வொரு பிணைப்பிலும் கவர்தன்மை மிகுந்த அணுவை நோக்கி அம்புக்குறியிட்டுக் கூட்ட வேண்டும். கார்பன் டை ஆக்சைடில் இரு அம்புகளும் எதிரெதிரே சமமாக நிற்பதால், பிணைப்பு ஒவ்வொன்றிலும் 0.89 வேறுபாடு இருந்தும், கூட்டுத்தொகையான இருமுனைத் திருப்புத்திறன் சுழியாகிறது. ஹைட்ரஜன் சயனைடில் வேறுபாடுகள் 0.35, 0.49 என்று சிறியவையே. ஆயினும் இரண்டு அம்புகளும் நைட்ரஜன் பக்கமே நோக்குவதால் திருப்புத்திறன் 2.98 டிபை அலகாக உயர்ந்து, நீரின் 1.85 டிபையையும் மிஞ்சுகிறது. நேர்கோட்டு மூலக்கூறு என்றாலே முனைவற்றது என்று முடிவுகட்டுவோர் தவறுவது இவ்விடத்தில்தான். முனைகளில் உள்ள அணுக்கள் ஒன்றேதானா என்பதையும் பார்க்க வேண்டும்.

5. நடப்போடு ஒப்பிடுதல்

முனைவுள்ள நீர் முனைவுள்ளவற்றை எளிதில் ஏற்கும் என்பதற்கேற்ப, ஹைட்ரஜன் சயனைடு நீரில் எவ்விகிதத்திலும் கலக்கிறது. ஆயினும் அதன் கொதிநிலை ஏறத்தாழ 26 பாகை செல்சியசே என்பதால் நச்சு வாயுவாக எளிதில் வெளியேறவும் கூடும். கரைசலில் சுண்ணாம்பு சேர்த்துக் காரத்தன்மையை நிலைநிறுத்துவது, சயனைடு அயனி அவ்வாறு ஹைட்ரஜன் சயனைடாக மாறிவிடாமல் காப்பதற்கே. முனைவற்ற ஆக்சிஜனோ, காற்றோடு தொட்டிருக்கும் நீரில் 25 பாகையில் லிட்டருக்கு ஏறத்தாழ 8 மில்லிகிராமே கரைகிறது. தங்கம் சயனைடில் கரைய ஆக்சிஜன் இன்றியமையாதது என்பதால், கரைசலுக்குள் காற்றைச் செலுத்திக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

எனினும் கரைதிறனை மட்டும் சான்றாகக் கொள்ளலாகாது. கார்பன் டை ஆக்சைடு முனைவற்றதாயினும், அதன் பிணைப்புகள் முனைவுள்ளவையாதலால் நீர் மூலக்கூறுகள் அவற்றை ஈர்க்க, ஒரே அழுத்தத்தில் ஆக்சிஜனைவிடப் பல மடங்கு கரைகிறது. ஆதலால் நான்காம் படியின் கூட்டலையே முடிவாகவும், கரைதிறனைத் துணைச்சான்றாகவும் கொள்வதே முறை.