கணக்கு அனுப்புமுன் சாவி யாரிடம் என்று பாருங்கள்



பொம்மையார்பாளையத்திலிருந்து புதுச்சேரி கூப்பிடு தூரம்தான். ஆனாலும் நடுவே மாநில எல்லை இருப்பதால், அங்கே அனுப்பும் சரக்கு வெளிமாநில விற்பனை, ஐ.ஜி.எஸ்.டி. பில் போட வேண்டும். இந்தக் கணக்குகள் மாதந்தோறும் ஆடிட்டருக்குப் போகின்றன. முன்பு கடைப் பையனிடம் பேரேட்டைக் கொடுத்தனுப்பினோம். இன்று இணையத்தில் ஏற்றி 'லிங்க்' அனுப்புகிறோம்.

சென்ற ஆண்டு எங்கள் மண்டியின் பாக்கிப் பட்டியலையும் அப்படித்தான் அனுப்பினோம். லிங்க் கிடைத்த எவரும் பார்க்கலாம் என்ற நிலையிலேயே விட்டுவிட்டோம். அது கை மாறி ஒரு வாட்ஸ்அப் குழுவுக்குப் போயிற்று. நெடுநாள் வாடிக்கையாளர் ஒருவர் வந்து, "என் கடனை ஊருக்கே சொல்லிட்டீங்களே, முதலாளி" என்றார். பாக்கியைத் தீர்த்துவிட்டுப் போனவர் திரும்ப வரவில்லை. அந்தப் பாடத்தை இங்கே எழுதுகிறோம்.

1. சாவி யாரிடம்? கூகுள் டிரைவ், டிராப்பாக்ஸ் போன்றவை நம் கோப்பைப் பூட்டித்தான் வைக்கின்றன. ஆனால் சாவி வழக்கமாக அந்த நிறுவனத்திடமே இருக்கும். புரோட்டான் டிரைவ், மெகா போன்றவற்றில் கோப்பு நம் கருவியிலேயே பூட்டப்பட்டுப் போகிறது. நிறுவனத்தாரும் படிக்க முடியாதபடி அமைத்திருக்கிறார்கள். இங்கே கடவுச்சொல்லைத் தொலைத்தால் நமக்கே சிரமம். அதை எழுதிப் பெட்டியில் பூட்டி வையுங்கள்.

2. லிங்க் யாருக்கு? எந்தச் சேவையானாலும் திறந்த லிங்க், திறந்து போட்ட கிடங்குதான். பெறுபவரின் மின்னஞ்சலைக் குறிப்பிட்டு அவருக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். வசதி இருந்தால் காலக்கெடுவும் கடவுச்சொல்லும் வையுங்கள். கடவுச்சொல்லை லிங்க்குடன் அனுப்பாமல் போனில் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் அனுமதியை நீக்கிவிடுங்கள்.

3. நிபந்தனை என்ன? 2025 ஜூலையில் வீடிரான்ஸ்ஃபர் நிறுவனம் தன் விதிகளைத் திருத்தியபோது, பயனாளர் கோப்புகளைச் செயற்கை அறிவுக்குப் பயிற்சி தரப் பயன்படுத்துவார்களோ என்ற ஐயம் எழுந்தது. எதிர்ப்பு வந்ததும் அந்த வாசகத்தை மாற்றினார்கள். படித்தவர்கள் கேட்டதால்தான் அது மாறியது.

4. நாளை இருக்குமா? அதே வீடிரான்ஸ்ஃபர் 2020 மே மாதம் நம் நாட்டில் தொலைத்தொடர்புத் துறையின் உத்தரவால் முடக்கப்பட்டது. ஃபயர்ஃபாக்ஸ் சென்ட் என்ற நல்ல சேவையும் அதே ஆண்டு மூடப்பட்டது. ஆகவே மூலப் பிரதி ஒன்று நம் கடையிலேயே இருக்க வேண்டும்.

5. கடவுச்சொல் தனியா? டிராப்பாக்ஸில் 2012-இல் திருடு போன சுமார் 6.8 கோடிக் கணக்குகளின் விவரம் 2016-இல்தான் வெளியே தெரிந்தது. பல இடங்களுக்கும் ஒரே கடவுச்சொல் வைக்காதீர்கள். போனுக்கு வரும் இரண்டாம் சரிபார்ப்பையும் போட்டு வையுங்கள்.

தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் இயற்றப்பட்டது. விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. வாடிக்கையாளரின் ஆதார் நகலும் செல்போன் எண்ணும் நம்மிடம் இருக்கும்வரை, அவற்றைக் காப்பது நம் கடமையே. சட்டத்துக்கு அஞ்சுவது ஒருபுறம் இருக்கட்டும். நம்மை நம்பிக் கடன் சொல்லிப் போகிறவரின் மானம் நம் பேரேட்டில் இருக்கிறது. இன்றே பழைய லிங்க்குகளைத் திறந்து பாருங்கள், தேவையற்றவற்றை மூடுங்கள்.