பாலுக்கு விலையா, பாலில் உள்ள சத்துக்கு விலையா?

கறவை மாட்டுக் கடன் பெற்றுள்ள நம் வாடிக்கையாளர்கள் பலருடைய கணக்கில் பாற்பணம் தவணைதோறும் நேரடியாக வரவாகிறது. கணக்கேட்டில் தெரிவது தொகை மட்டுமே. அத்தொகை எவ்வாறு பிறந்தது என்பதைச் சொல்வது கொள்முதல் நிலையத்தில் வேளைதோறும் கிடைக்கும் சிறு சீட்டு. அச்சீட்டைப் படிக்கும் முறையை இங்கு காண்போம்.

குஜராத்தின் கேடா மாவட்டத்திலிருந்து பம்பாய் நகருக்குப் பால் சென்ற காலத்தில், உழவர் பெறும் விலை இடைத்தரகரின் வாய்ச்சொல்லாகவே இருந்தது. 1946 சனவரியில் சமர்கா என்னும் சிற்றூரில் கூடிய உழவர்கள், தம் சங்கங்களின் வழியாக அன்றிப் பால் விற்பதில்லை எனத் தீர்மானித்தனர். அவ்வாண்டு டிசம்பர் 14 அன்று கேடா மாவட்டக் கூட்டுறவுப் பால் உற்பத்தியாளர் ஒன்றியம் பதிவாயிற்று. பிற்காலத்தில் அமுல் எனப் புகழ்பெற்றது அதுவே. திரிபுவன்தாஸ் படேலும் வர்கீஸ் குரியனும் வளர்த்த அமைப்பின் உயிர்நாடி, உழவர் கண்ணெதிரே அளந்து, சோதித்து, அதற்கேற்ப விலை தருவதாகும்.

சோதனைக்கு உதவியது சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த கெர்பர் வகுத்த முறை. கந்தக அமிலத்தில் பாலைக் கலந்து, சிறிது அமைல் ஆல்கஹால் சேர்த்து, குழாயை வேகமாகச் சுழற்றினால் கொழுப்பு தனியே பிரிந்து நிற்கும். அளவுகோட்டில் அதன் விழுக்காட்டைப் படித்துவிடலாம். இன்று பல நிலையங்களில் மின்னணுக் கருவி சில நொடிகளில் இதைச் செய்துவிடுகிறது.

பால்மானி இருக்கையில் இவ்வளவு தொல்லை எதற்கு எனச் சிலர் கேட்பதுண்டு. பால்மானி அடர்த்தியை மட்டுமே அறியும். ஆடையை எடுத்தால் அடர்த்தி கூடும்; தண்ணீர் ஊற்றினால் குறையும். இரண்டையும் அளவறிந்து செய்தவனிடம் பால்மானி தோற்றுப்போகும். கொழுப்புச் சோதனையிடம் அந்த வித்தை பலிக்காது.

எருமை மிகுந்த குஜராத்தில் கொழுப்பின் எடைக்கு விலை தருவது பொருத்தமாகவே இருந்தது. கலப்பினப் பசுக்கள் பெருகிய பகுதிகளில் அதுவே அநீதியாயிற்று. பசும்பாலில் கொழுப்பு குறைவு. ஆயினும் புரதம், பால் சர்க்கரை, தாது உப்பு ஆகிய கொழுப்பற்ற திடப்பொருள்கள் எருமைப் பாலுக்குச் சற்றே குறைவாக உள்ளன. ஆகவே இரண்டுக்கும் தனித்தனி விலை வைக்கும் இரு அச்சு முறை வந்தது. திடப்பொருளின் விலையைக் கொழுப்பு விலையில் மூன்றில் இரண்டு பங்காகக் கொள்வது பரவலான வழக்கம்.

கணக்கிட்டுப் பார்ப்போம் (விலைகள் எடுத்துக்காட்டே). கொழுப்பு கிலோ ரூ.420, திடப்பொருள் கிலோ ரூ.280 என்க. 7 விழுக்காடு கொழுப்பும் 9 விழுக்காடு திடப்பொருளும் உள்ள 10 கிலோ எருமைப் பாலுக்கு ரூ.294, ரூ.252 சேர்ந்து ரூ.546 கிடைக்கும். 4 விழுக்காடு கொழுப்பும் 8.5 விழுக்காடு திடப்பொருளும் உள்ள 10 கிலோ பசும்பாலுக்கு ரூ.168, ரூ.238 சேர்ந்து ரூ.406. எருமைப் பாலுக்கு அதே ரூ.546 கிடைக்கும்படி கொழுப்புக்கு மட்டும் விலை வைத்தால் கிலோ ரூ.780 ஆகும், அப்போது பசு வளர்ப்பவர் பெறுவது ரூ.312 மட்டுமே. பத்துக் கிலோவில் 94 ரூபாய் இழப்பு!

அந்தப் பசும்பாலில் ஒரு கிலோ தண்ணீர் சேர்த்தால் என்ன ஆகும்? எடை 11 கிலோ. கொழுப்பு அதே 400 கிராம், திடப்பொருள் அதே 850 கிராம். ஆகவே தொகையும் அதே ரூ.406. தண்ணீருக்குக் காசில்லை. அதோடு திடப்பொருள் 7.7 விழுக்காடாக இறங்கி, பசும்பாலுக்குச் சட்டம் கோரும் 8.3 விழுக்காட்டுக்குக் கீழே போய்விடும். பால் திருப்பி அனுப்பப்படவும் கூடும். வெறும் லிட்டர் கணக்கில் விலை தரும் இடத்தில் தண்ணீர் ஊற்றியவரே ஆதாயம் அடைகிறார், நேர்மையாளர் அவருக்கும் சேர்த்து நட்டப்படுகிறார்.

சீட்டில் ஒரு புள்ளியும் அற்பமன்று. நாள்தோறும் 10 கிலோ ஊற்றுபவருக்குக் கொழுப்பில் 0.1 விழுக்காடு குறைத்து எழுதினால் நாளொன்றுக்கு ரூ.4.20, 300 நாள் கறவையில் ரூ.1,260. மாதிரி எடுக்குமுன் பாலை நன்கு கலக்கினார்களா என நோக்குக. கொழுப்பு மேலே மிதக்கும் இயல்புடையது. மற்றொன்று: ஒரு லிட்டர் பால் ஏறத்தாழ 1.03 கிலோ எடையுள்ளது. லிட்டரில் அளந்து அதையே கிலோ எனக் கணக்கிட்டால் நூற்றுக்கு மூன்று ரூபாய் உழவர் கையை விட்டுப் போகும். இதைக் கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம்.

மாட்டிடத்தும் கவனம் தேவை. கடைசியாகக் கறக்கும் பாலில்தான் கொழுப்பு மிகுதி. மடியை முழுதும் கறக்காதவர் தம் விலையைத் தாமே விட்டுவிடுகிறார். நார்த் தீவனம் குறைந்தாலும் கொழுப்பு இறங்கும். மடிநோய் கண்டால் திடப்பொருள் குறையும்.

இம்முறைக்கும் ஒரு குறை உண்டு. சத்தின் அளவைச் சொல்லும் இச்சோதனை தூய்மையைச் சொல்வதில்லை. கழுவிய மடியிலிருந்து சுத்தமான பாத்திரத்தில் கறந்த பாலும், நுண்ணுயிர் மலிந்த பாலும் ஒரே விலை பெறுவது நியாயமன்று என்பதே எம் கருத்து. தூய்மைக்கும் தனி விலை தர ஒன்றியங்கள் முன்வருதல் வேண்டும்.

கிசான் கடன் அட்டை வசதி கால்நடை வளர்ப்போருக்கும் உண்டு என்பது 2018-19 மத்திய நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது. அதற்கு விண்ணப்பிக்க வரும் வாடிக்கையாளர்கள், கடந்த சில மாதங்களின் பாற்சீட்டுகளையும் உடன் கொண்டுவந்தால், வருவாயை மதிப்பிடக் கிளை அலுவலர்களுக்குப் பெரிதும் உதவியாக இருக்கும்.