பெருச்சாளிக்கு எந்தப் பிரிவில் மனு கொடுப்பது?

கேள்வி: ஐயா, திண்டுக்கல் நாகல்நகர் பக்கம் குடியிருக்கிறோம். தெருமுனையில் இரண்டு மெஸ், ஒரு கறிக்கடை. வீட்டை ஒட்டிக் கழிவுநீர் வாய்க்கால் போகிறது. ஆறு மாதமாகப் பெருச்சாளித் தொல்லை தாங்கவில்லை. வாசல்படிக்கு அடியில் மண்ணைப் பறித்துத் தள்ளிவிட்டது. பைக் ஒயரைக் கடித்து வைக்கிறது. "எலிக்கெல்லாம் மாநகராட்சியில் ஆள் வருவார்களா?" என்று பக்கத்து வீட்டில் சிரிக்கிறார்கள். உண்மையில் இது யார் பொறுப்பு? ஆத்தூர் பக்கம் அம்மா வீட்டிலும் வயலிலிருந்து எலி வருகிறது. அங்கே யாரைக் கேட்பது?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: சிரிப்பவர்கள் சொல்வதில் பாதி சரிதான், அம்மா. கொசுவுக்கு வீடு வீடாக வந்து தொட்டியைத் திறந்து பார்க்க ஆள் இருக்கிறார்கள். எலிக்கென்று தனி ஆள் என்ற பேச்சே நம் ஊர்களில் பெரும்பாலும் கிடையாது. மும்பை மாநகராட்சியில் உண்டு. இரவில் தடியும் டார்ச்சுமாகப் போய், ஆளுக்கு முப்பது எலி அடித்துக் காலையில் கணக்குக் காட்ட வேண்டும். 1896-ல் அந்த ஊரைப் பிளேக் புரட்டிப்போட்டதை நினைத்தால் அந்த வேலை ஆச்சரியமாகத் தெரியாது. ஆனால் தலைமுறை தலைமுறையாக அடித்தும் மும்பையில் எலி குறைந்தபாடில்லை.

அதனால், எலி பிடிக்க ஆள் அனுப்பச் சொல்லி மனு எழுதாதீர்கள். எலிக்குச் சோறும் வீடும் கொடுப்பதை நிறுத்தச் சொல்லி எழுதுங்கள். வாய்க்காலும் குப்பையும் சந்தையும் மாநகராட்சியின் கையில்தான் இருக்கின்றன. பொது சுகாதாரம், துப்புரவு, திடக்கழிவு மேலாண்மை மூன்றும் அரசியலமைப்பின் 12-வது அட்டவணையில் நகர அமைப்புகளுக்கென்று ஒரே வரியில் சொல்லப்பட்டவை. 2014-ல் மாநகராட்சியான திண்டுக்கல்லுக்கும் 2023 ஏப்ரல் முதல் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம்தான். அதற்கும் மூத்தது 1939-ன் பொது சுகாதாரச் சட்டம். உடல்நலத்துக்குக் கேடு செய்யும் நிலையில் ஒரு இடம் இருந்தால் அது 'தொல்லை' என்கிறது அது. அப்படிப்பட்ட இடங்களைத் தேடிப் பார்ப்பது உள்ளாட்சியின் கடமை, பாதிக்கப்பட்டவர் யாரும் சுகாதார அலுவலருக்குத் தகவல் தரலாம், தனியார் இடமானாலும் சரிசெய்யச் சொல்லி உரிமையாளருக்கு நோட்டீஸ் கொடுக்கலாம். எதிர் வீட்டுக் காலிமனையில் முள்ளும் குப்பையும் மண்டிக் கிடந்தால் "அது பட்டா நிலம், நாங்கள் தொட முடியாது" என்ற பதிலை ஏற்றுக்கொண்டு திரும்ப வேண்டியதில்லை.

உங்கள் வீட்டுக்குள் வரும் எலி உங்கள் பொறுப்பு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதவடி இடுக்கு, கழிவுநீர்க் குழாய் நுழையும் ஓட்டை, பரண் எல்லாம் உங்களுடையவை. சுண்டெலிக்கு விரல் நுனி நுழையும் இடைவெளி போதும்.

இப்போது மனு. இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். "எலித் தொல்லை அதிகமாக உள்ளது, நடவடிக்கை எடுக்கவும்" என்று எழுதினால் அந்தத் தாள் எங்கும் நகராது. வாய்க்கால் சுவர் உடைந்தால் பொறியியல் பிரிவு. குப்பை அள்ளாவிட்டால் சுகாதாரப் பிரிவு. எலி இந்த இரண்டு பிரிவுக்கும் நடுவில் புகுந்து தப்பித்துக்கொள்கிறது. ஆகவே இரண்டு மனு எழுதுங்கள்.

எழுதும் முன் ஒரு வேலை இருக்கிறது. மாலையில் வாய்க்கால் ஓரத்திலும் வாசல்படி அடியிலும் தெரிகிற வளைகளையெல்லாம் ஈர மண்ணால் அடைத்துவிடுங்கள். காலையில் எது திறந்திருக்கிறதோ அதில்தான் எலி குடியிருக்கிறது. மற்றவை பழைய வளைகள். திறந்தவற்றை மட்டும் தேதியோடு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு பொறியியல் பிரிவுக்கு இப்படி எழுதலாம்: "இன்ன தெரு, இன்ன கதவு எண்ணுக்கு எதிரே வாய்க்காலின் மேல்மூடி இரண்டு இடத்தில் உடைந்துள்ளது. பக்கச் சுவரில் மூன்று வளைகள் உள்ளன. சுவரைப் பூசி மூடி போட்டுத் தரவும்." மாநகர் நல அலுவலருக்கு: "தெருமுனையில் இரவு பத்து மணிக்கு மேல் கொட்டப்படும் சோறும் எலும்பும் மறுநாள் பகல்வரை கிடக்கின்றன. அள்ளும் நேரத்தை மாற்றவும். கொட்டுபவர்களுக்கு அபராதம் விதிக்கவும்." எலி சாப்பிடுவது ராத்திரியில். மெஸ் மூடிய பிறகு கொட்டிய மிச்சம் விடியும்வரை கிடந்தால், காலையில் எவ்வளவு சுத்தமாகப் பெருக்கினாலும் விருந்து முடிந்துவிட்டது. பிரியாணிக்குப் பேர்போன நம் ஊரில் எலும்பும் கொழுப்பும் எவ்வளவு மிஞ்சும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டு மனுவுக்கும் ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். நகல் கவுன்சிலருக்கு. ஏரியா சபைக் கூட்டம் நடந்தால் அங்கே தெருக்காரர்கள் நாலு பேராகப் போய்ப் பேசுங்கள், தனியாக வேண்டாம். அசையவில்லை என்றால் முதல்வரின் உதவி மைய எண் 1100-ல் புகார் பதிவு செய்யலாம், திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளும் இருக்கிறது. மெஸ்ஸின் சமையல்கட்டுக்குள்ளேயே எலி ஓடுகிறது என்றால் அது உணவுப் பாதுகாப்புத் துறையின் வேலை. உரிமம் வாங்கிய உணவகம் எலி, பூச்சி புகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது உரிம நிபந்தனையிலேயே உண்டு.

"நிதி இல்லை" என்ற பதில் வரக்கூடும். மத்தியப் பிரதேசத்து ரத்லாம் நகராட்சியும் அதைத்தான் சொன்னது. திறந்த சாக்கடை, கழிப்பிடம் இல்லாத குடியிருப்பு, சாராய ஆலைக் கழிவு என்று பொறுக்க முடியாமல் அந்த ஊர் மக்கள் மாஜிஸ்திரேட்டிடம் போனார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், 1980-ல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அமர்வு, பணமில்லை என்பதைச் சாக்காகச் சொல்லி நகராட்சி கடமையிலிருந்து நழுவ முடியாது என்று தீர்த்துவிட்டது. அன்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-வது பிரிவு. இன்று அதே அதிகாரம் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ல் இருக்கிறது. நமக்கு அது கோட்டாட்சியர் அலுவலகம். கடைசிக் கதவு அது. முதலிலேயே தட்ட வேண்டாம்.

இவ்வளவு எழுதக் காரணம் பைக் ஒயர் அல்ல. எலிக்காய்ச்சல், எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரில் காலில் புண்ணோடு நடந்தாலே தொற்றிக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வாய்க்கால் பொங்கித் தெருவில் நிற்கும்போது பிள்ளைகளை வெறுங்காலோடு இறக்காதீர்கள். காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு என்று வந்தால் வீட்டில் எலி நடமாட்டம் இருப்பதை டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். நேரத்தோடு கண்டுபிடித்தால் டாக்சிசைக்ளின் போன்ற மலிவான மருந்திலேயே குணமாகும். முதலில் மாட்டிக்கொள்பவர் அந்த வாய்க்காலில் இறங்கித் தூர்வாரும் தூய்மைப் பணியாளர்தான். அவருக்கு பூட்ஸும் கையுறையும் கொடுத்திருக்கிறார்களா என்று மனுவில் ஒரு வரி சேர்த்துக் கேட்டால் தவறில்லை. எலியால் வரும் நோய் நம் பக்கத்துக்குப் புதிதல்ல. 1930-களில் நம் பழைய மதுரை மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் பிளேக் விடாமல் வந்துகொண்டிருந்ததால், ஆராய்ச்சியாளர்கள் அங்கே போய் எலியையும் தெள்ளுப்பூச்சியையும் ஆராய்ந்து 1934-ல் அறிக்கை வெளியிட்டார்கள். திண்டுக்கல்லும் அப்போது அதே மாவட்டம்தான். பிளேக் போய்விட்டது, எலி போகவில்லை.

விஷம் வைப்பதைப் பற்றிக் கேட்காவிட்டாலும் சொல்கிறேன். மஞ்சள் பாஸ்பரஸ் பசை தமிழக அரசு தடைசெய்தது. பெட்டிக்கடையில் கிடைத்தாலும் வாங்காதீர்கள். கல்லீரலை அழித்துவிடும், முறிமருந்து கிடையாது. பூச்சி ஒழிப்பு நிறுவனத்தை அழைத்தாலும் படுக்கையறையில் என்ன மருந்து வைக்கிறார்கள் என்று பெயர் கேட்டு எழுதி வாங்குங்கள். 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில் வீட்டில் வைத்த எலிமருந்தால் இரண்டு குழந்தைகள் இறந்துபோனார்கள். வீட்டுக்குக் கூண்டுப்பொறி போதும். புதுப் பொருளைக் கண்டால் எலி இரண்டு மூன்று நாள் ஒதுங்கும். அதுவரை பொறியின் கதவைக் கட்டித் திறந்தே வைத்து, கருவாடோ தேங்காய்ச் சில்லோ உள்ளே போட்டுப் பழக்குங்கள். பயம் தெளிந்து தின்ன ஆரம்பித்த பிறகு கட்டை அவிழ்த்துவிடுங்கள்.

அம்மா ஊர் விஷயம் வேறு. கிராமத்தில் தெருச் சாக்கடையும் குப்பையும் ஊராட்சியின் பொறுப்பு. தலைவர் பதவி காலியாக இருக்கும்போது தனி அலுவலரைக் கேட்க வேண்டும். வயல் எலிக்கு வட்டார வேளாண்மை அலுவலகம். ஆத்தூர் பக்கம் நெல் வயல் என்றால், ஒருவர் மட்டும் மருந்து வைத்தால் எலி பக்கத்து வரப்புக்குக் குடிபோய்விட்டு நாலாம் நாள் திரும்பிவிடும். வரப்பைக் குறுக்கிக் கட்டி, கதிர் பொதிகட்டும் முன்பே பாசனத்துக்காரர்கள் எல்லோரும் ஒரே வாரத்தில் தஞ்சாவூர்க் கிட்டிப் பொறி வைக்கச் சொல்லுங்கள். ஆந்தை உட்கார வயலில் தாங்கி நட்டாலும் பலன் உண்டு. அறுவடை முடிந்த வாரத்தில்தான் வயல் எலி வீட்டைத் தேடி வரும். அதற்கு முன்பே நெற்குதிரையும் மூட்டைகளையும் தரையிலிருந்து ஒரு முழம் தூக்கி, சுவரை விட்டுத் தள்ளி வைத்துவிடச் சொல்லுங்கள்.