சக்கர நாற்காலிப் படத்தின் மேல் நிற்கும் பைக்

பெரம்பலூர் நகரத்துக்கு ரயில் கிடையாது. சென்னைக்கோ மதுரைக்கோ ரயிலில் போக வேண்டுமென்றால் அரியலூர் நிலையத்துக்குத்தான் வர வேண்டும். இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டரில் இந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவே பல வருடங்களாகப் போய்வருகிற ஒரு பெரம்பலூர்க்காரருக்கு அந்தச் சாலையில் ஓடும் சிமென்ட் லாரிகள்கூடப் பெரிய தொல்லையாகப் படவில்லை. வண்டியை நிறுத்துவதுதான் தொல்லை.

சிறு வயதில் போலியோ தாக்கி இரண்டு கால்களும் வலுவிழந்தவர் அவர். ஒருமுறை ஒரு வங்கி வாசலில், மாற்றுத்திறனாளிகளுக்கென ஒதுக்கிய இடத்தில் வண்டியை விட்டுவிட்டு உள்ளே போனார். திரும்பி வந்தால், இருபுறமும் பைக்குகள் ஒட்டி நிற்கின்றன. மற்றவர்கள் காலைத் தரையில் ஊன்றி, வண்டியை உந்திப் பின்னால் எடுத்துவிடுவார்கள். அவருக்கு அது முடியாது. ஊன்றுகோலை வண்டியில் செருகிவிட்டு ஏறி உட்காரவே பக்கவாட்டில் இடம் வேண்டும். வெயிலில் காத்து நின்றார். "அஞ்சு நிமிஷந்தாண்ணே" என்றபடி வந்தார் பைக்குக்குச் சொந்தக்காரர்.

வாசலுக்குப் பக்கத்தில் இடம் தருவதுதான் சலுகை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அகலம்தான் முக்கியம். மத்திய அரசின் வழிகாட்டு நெறிமுறைகள், நுழைவாயிலிலிருந்து 30 மீட்டருக்குள், 3.6 மீட்டர் அகலமும் 5 மீட்டர் நீளமும் உள்ள கார் நிறுத்தத்தைக் கேட்கின்றன. கதவை முழுதாகத் திறந்து சக்கர நாற்காலியை இறக்கத்தான் அந்தக் கூடுதல் அகலம். 'சும்மாதானே கிடக்குது' என்று அங்கே ஒரு பைக்கைச் சொருகினால் மொத்த இடமும் போச்சு.

சிங்கப்பூரில் இதற்கென்று கார் நிறுத்த வில்லை தருகிறார்கள். மாற்றுத்திறனாளியே ஓட்டினால் ஒரு வகை, அவரை ஏற்றிச் செல்லும் குடும்பத்தாருக்கு இன்னொரு வகை. இரண்டாவது வகைக்கு ஒரு மணி நேரம்தான் அனுமதி. இந்தியாவில் அப்படி நாடு தழுவிய வில்லை கிடையாது. அதனால் கடையில் வாங்கி ஒட்டுகிற ஸ்டிக்கர் எதற்கும் சான்றாகாது. மாற்றுத்திறனாளிக்கான யு.டி.ஐ.டி. அடையாள அட்டையையும் வண்டியின் ஆர்.சி.யையும் கைபேசியில் வைத்திருப்பது நல்லது.

வருத்தமான இன்னொன்றும் உண்டு. மாற்றுத்திறனாளியான பெரியவருக்கு அரசு கொடுத்த ஸ்கூட்டரை வீட்டுப் பையன் எடுத்துவந்து, ஒதுக்கிய இடத்தில் நிறுத்திவிட்டுத் துள்ளி இறங்கி ஓடுகிறான். அதை இரண்டு தடவை பார்த்த வாட்ச்மேன், மூன்றாவதாக வருகிற உண்மையான பயனாளியைச் சந்தேகப்படுகிறார். செயற்கைக் கால் வேட்டிக்குள் மறைந்திருந்தால் கேட்கவே வேண்டாம். 1995-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் 7 ஆக இருந்த குறைபாட்டு வகைகள் 2016 சட்டத்தில் 21 ஆயின. பார்த்தவுடன் தெரியாதவை அவற்றில் பல. நன்றாக நடக்கிறாரே என்று யாரையும் மறித்து விசாரிக்கக் கூடாது என்பதில் அந்தப் பெரம்பலூர்க்காரர் பிடிவாதமாக இருக்கிறார். போலிச் சான்று காட்டிச் சலுகை பெறுபவரைக் கவனிக்க 2016 சட்டத்தின் 91-ஆவது பிரிவு இருக்கிறது: 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

வாய்ச்சண்டையில் இடம் காலியாவதில்லை. வண்டி எண்ணும் அறிவிப்பும் ஒரே படத்தில் விழும்படி போட்டோ எடுத்து, அந்த அலுவலகப் பொறுப்பாளரிடம் காட்டினால் வேலை நடக்கிறது. அதற்கும் அசையாவிட்டால் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டை மறக்காமல் வாங்க வேண்டும். 'நடவடிக்கை எடுக்கவும்' என்று மொட்டையாக எழுதக் கூடாது. தரையில் வரைந்த படம் முதல் பைக் ஏறியதுமே மறைந்துவிடும் என்பதால், ஆள் உயரத்தில் பலகை கேட்க வேண்டும். அகலத்தை எண்ணிலேயே எழுத வேண்டும்.

ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், அணுகல் வசதிக்கான தரங்களைக் கட்டாயமாக்கும்படி மத்திய அரசுக்கு 3 மாதக் கெடு விதித்தது. வழக்கின் பெயரையும் தேதியையும் மனுவின் முதல் பத்தியிலேயே எழுதிவிடுகிறார் அவர்.