மாண்டிசோரிப் பள்ளியும் பெற்றோர் பங்கும்

மிளகு மூட்டை ஒன்று கடை வாசலில் வந்து இறங்கினால், மேலே குத்தியிருக்கும் முத்திரையை மட்டும் பார்த்துப் பணத்தை எண்ணிக் கொடுக்கும் வியாபாரி நம்மில் எவரும் இல்லை. மூட்டையின் வாயைப் பிரித்து, அடிவரை கையை விட்டு, ஒரு பிடி அள்ளி, முகர்ந்து, இரண்டு மணியை வாயில் போட்டுக் கடித்துப் பார்த்த பிறகே 'உள்ளே இறக்கு' என்கிறோம். இவ்வளவு கருத்துள்ள நாம், மூன்று வயதுப் பிள்ளையை ஒரு பள்ளியில் சேர்த்து மாதந்தோறும் கட்டணம் கட்டிவிட்டு, அப்பள்ளியின் உள்ளே அரைமணி நேரம் உட்கார்ந்து பார்த்தோமா என்றால், இல்லை. காலையில் வாசலில் இறக்கிவிடுகிறோம். கடை திறக்க நேரமாகிறது என்று திரும்பிவிடுகிறோம்.

அன்பர்களே, மாண்டிசோரி என்ற பெயர்ப்பலகை தாங்கிய பாலர் பள்ளிகள் நமது நகரங்களில் பல இருக்கின்றன. நம் வியாபாரக் குடும்பங்களின் பிள்ளைகளும் அவற்றில் படிக்கின்றனர். ஆனால் அங்கே நடப்பது யாது, அதில் தாய் தந்தையருக்குள்ள வேலை யாது என்பதை நம் மொழியில் எடுத்துச் சொல்வோர் குறைவு. ஆகவே இவ்விதழில் அதனைச் சிறிது ஆராய்வோம்.

நம் வீட்டில் நேர்ந்த பிழையையே முதலில் சொல்லிவிடுகிறோம். நம் இளைய மகள் அத்தகைய பள்ளி ஒன்றில் இரண்டு வருஷம் படித்தாள். அவள் பையில் நோட்டுப் புத்தகம் என்று ஒன்று இருந்ததில்லை. உறவினர் வீட்டுப் பையனோ வேறொரு பள்ளியில் 1 முதல் 100 வரை பக்கம் பக்கமாக எழுதிக் கொண்டிருந்தான். இரவு கடை அடைத்து வந்ததும் நாம் மகளிடம் கேட்போம்: "இன்று என்னம்மா எழுதினாய்?" அவள் சொல்வாள்: "மேசை கழுவினேன், அத்தா." மறுநாள் கேட்டால், "தண்ணீர் ஊற்றினேன்" என்பாள். மேசை கழுவவா இவ்வளவு கட்டணம் என்று நமக்குக் கோபம் வந்தது. மூன்றாம் வருஷம் தொடங்கும் முன்பே அவளை நிறுத்தி, வீட்டுப்பாடம் நிறையக் கொடுக்கும் வேறோரிடத்தில் சேர்த்துவிட்டோம். ஆறு மாதம் சென்றது. முன்பெல்லாம் தன் செருப்பைத் தானே மாட்டி வாசலில் நின்றவள், நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டத் தொடங்கினாள். பென்சிலைக் கண்டால் வயிற்று வலி என்றாள். பழைய ஆசிரியையை ஒரு நாள் கடைத்தெருவில் கண்டபோது அவர் நம்மைக் குறை கூறவில்லை. "மூன்றாம் வருஷம்தானே அவள் பெரிய பிள்ளையாக இருந்திருப்பாள்" என்று மட்டும் சொன்னார். அதன் பொருள் அன்று நமக்கு விளங்கவில்லை. பிறகு தேடிப் படித்தும், கேட்டும் அறிந்தவற்றையே இங்கு எழுதுகிறோம்.

இம்முறை தொடங்கிய கதையில் ஒரு வியாபாரக் கணக்கு இருக்கிறது. இத்தாலி தேசத்தின் ரோமாபுரியில் சான் லொரென்சோ என்ற பேட்டை அக்காலத்தில் ஏழைப் பேட்டையாக இருந்தது. அங்கே பாழடைந்து கிடந்த பெரிய கட்டடங்களை ஒரு கட்டட நிறுவனம் செப்பனிட்டுத் தொழிலாளர் குடும்பங்களுக்கு வாடகைக்கு விட்டது. தாய் தந்தையர் வேலைக்குப் போய்விட, வீட்டில் தனித்து விடப்பட்ட சிறு பிள்ளைகள் சுவரைக் கிறுக்கினர், மாடிப்படிகளைப் பாழாக்கினர். ஓயாமல் வெள்ளையடித்தும் பழுது பார்த்தும் செலவழிக்கும் பணத்தைக் கொண்டு, அதே கட்டடத்தில் ஓர் அறையும் ஓர் ஆசிரியையும் வைத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளலாமே என்று நிறுவனத்தார் கணக்குப் போட்டனர். அதை நடத்தும் பொறுப்பு மேரியா மாண்டிசோரி என்ற பெண் டாக்டரிடம் வந்தது. 1907-ம் ஆண்டு ஜனவரி மாதம் 6-ந் தேதி 'குழந்தைகள் இல்லம்' திறக்கப்பட்டது. அம்மையாருக்கு அப்போது வயது 36.

அந்த இல்லத்தின் விதிகளை நாம் கருத்துடன் கவனிக்க வேண்டும். பெற்றோர் காசு எதுவும் கட்ட வேண்டியதில்லை. ஆனால் பிள்ளையைக் குளிப்பாட்டிச் சுத்தமான உடையுடன் குறித்த நேரத்தில் அனுப்ப வேண்டும். ஆசிரியைக்கு மரியாதை காட்டி, பிள்ளையை வளர்க்கும் வேலையில் அவரோடு ஒத்துழைக்க வேண்டும். தாய்மார் வாரம் ஒரு முறையேனும் ஆசிரியையுடன் பேசலாம். பிள்ளை வீட்டில் எப்படி நடந்துகொள்கிறது என்று சொல்லி, அவரிடம் யோசனையும் கேட்டுக்கொள்ளலாம். பள்ளி செய்வதைப் பெற்றோர் தம் நடத்தையால் கெடுத்தால் பிள்ளையை நீக்கிவிடவும் விதி இருந்தது. இன்றோ பணத்தைக் கட்டிவிட்டோம், மற்றக் கடமை தீர்ந்தது என்றிருக்கிறோம். கணக்கு தலைகீழாகிவிட்டது பாருங்கள்.

அந்தத் தாய்மார் பெரும்பாலும் எழுத்தறியாதவர்கள். ஆயினும் அவர்களில் சிலர் சேர்ந்து வந்து, எங்கள் பிள்ளைகளுக்கு எழுதப் படிக்கக் கற்றுக் கொடுங்கள் என்று கேட்டனர். இவ்வளவு சிறு வயதில் எழுத்து எதற்கு என்று அம்மையார் முதலில் தயங்கினார். பிறகுதான் எழுத்து அட்டைகள் செய்யப்பட்டன. அதே வருஷக் கடைசியில், எவரும் 'எழுது' என்று சொல்லாமலே பிள்ளைகள் சுண்ணக்கட்டி கொண்டு தரையிலும் கதவிலும் சொற்களை எழுதத் தொடங்கிவிட்டனர். கையெழுத்துப் போடத் தெரியாத தாய்மாரின் வேண்டுகோள் அதற்குக் காரணமாயிற்று. 'நமக்கு இங்கிலீஷ் படிப்பு இல்லை, பள்ளியில் போய் என்ன பேசுவது' என்று ஒதுங்கும் நம் சகோதரர்களும் சகோதரிகளும் இதை நினைவில் வைப்பார்களாக.

மாண்டிசோரி அம்மையார் தமிழ்நாட்டுக்கும் அந்நியர் அல்லர். 1939-ம் ஆண்டு பிரம்மஞான சங்கத்தாரின் அழைப்பின்மேல் சென்னை அடையாறுக்கு வந்து, சுமார் 300 ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். சில மாதத்தில் திரும்புவதாக எண்ணம். 1940-ல் இத்தாலி யுத்தத்தில் இறங்கவே, பிரிட்டிஷ் சர்க்கார் அவரைப் போக விடவில்லை. கொடைக்கானலிலும் சில காலம் வசித்துப் பிள்ளைகளுக்குக் கற்பித்த அவர், 1946-ல்தான் ஐரோப்பா திரும்பினார். நம்மில் பலருடைய பாட்டன்மார் கப்பலேறிய அதே சென்னையில் இவ்வித்தை அன்றே வேர் விட்டது.

இனி, மேசை கழுவுவதற்கு வருவோம். சிறு வாளியில் தண்ணீர் எடுத்து, துணி நனைத்து, இடமிருந்து வலமாகத் துடைத்து, சிந்தியதை ஒற்றி, வாளியை இருந்த இடத்தில் வைப்பது வரை ஒரு வரிசை இருக்கிறது. நான்கு வயதுப் பிள்ளை அதை மனத்தில் வைத்துக்கொண்டு கடைசிவரை முடிக்கிறது. இடமிருந்து வலமாகக் கை பழகுகிறது. மரக்கட்டையில் குழி குழியாகப் பதிந்திருக்கும் உருளைகளின் சிறு குமிழை மூன்று விரலால் தூக்கித் தூக்கி வைக்கும் பிள்ளைக்குப் பென்சில் பிடிப்பு தானாக வருகிறது. உருளை தவறான குழியில் விழுந்தால் கடைசியில் ஒன்று மிஞ்சும். ஆசிரியை 'தப்பு' என்று சொல்ல வேண்டிய வேலையே இல்லை. தராசு முள் போல, பொருளே பிழையைக் காட்டிவிடுகிறது.

நம் தொழிலாருக்கு மிகவும் பிடிக்கக்கூடியது பொன்மணிக் கணக்கு. ஒரு மணி என்றால் ஒன்று. பத்து மணி கம்பியில் கோத்த சரம் பத்து. அத்தகைய பத்துச் சரம் சேர்ந்த சதுரப் பலகை நூறு. பத்துப் பலகை அடுக்கிய கனசதுரம் ஆயிரம். ஐந்து வயதுப் பிள்ளையிடம் '2,346 கொண்டு வா' என்றால், தட்டெடுத்துப் போய் இரண்டு கனசதுரம், மூன்று பலகை, நான்கு சரம், ஆறு மணி என்று எடுத்து வருகிறது. கூட்டும்போது உதிரி மணி பத்துச் சேர்ந்துவிட்டால், மணிகள் வைத்திருக்கும் 'பேங்கு'க்குப் போய்ப் பத்து மணியைக் கொடுத்து ஒரு சரம் வாங்குகிறது. நமது பணமாற்றுக் கடையில் அன்றாடம் நடப்பது இதுதானே! ஆயிரம் என்பதை எழுத்தில் காணுமுன்பே கையில் ஏந்தி அதன் பாரத்தை அறிந்த பிள்ளைக்கு, பிற்காலத்தில் பூஜ்யத்தை எங்கே போடுவது என்ற குழப்பம் குறைவு.

மூன்றாம் வருஷம் என்று ஆசிரியை சொன்னதன் பொருளும் இங்கே விளங்கும். மூன்று முதல் ஆறு வயது வரை ஒரே அறையில் இருக்கிறார்கள். முதல் வருஷம் பிள்ளை பார்க்கிறது. இரண்டாம் வருஷம் செய்கிறது. மூன்றாம் வருஷம் சிறியவர்களுக்குக் காட்டிக் கொடுக்கிறது. கற்றது அப்போதுதான் கெட்டிப்படுகிறது. இரண்டு வருஷத்தில் பிடுங்கிக்கொண்டு போவது, தென்னை பாளை விடும் சமயத்தில் வெட்டுவதற்கு ஒப்பாகும். நாம் செய்தது அதுதான்.

நிற்க, மாண்டிசோரி என்ற பெயருக்கு வியாபாரக் குறிக்குள்ள காவல் இல்லை. அமெரிக்காவில் 1967-லேயே அப்பெயர் தனியொருவருக்குச் சொந்தமன்று, பொதுப் பெயர் என்று தீர்ப்பாயிற்று. அம்மையார் 1929-ல் ஏற்படுத்திய சர்வதேச மாண்டிசோரி சங்கம் ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் பத்திரமும் அளிக்கிறதே தவிர, பலகை மாட்டுபவரைத் தடுக்க அதனால் இயலாது. ஆகவே, முத்திரையைப் பார்த்து மிளகு வாங்காத நாம் பலகையைப் பார்த்துப் பள்ளியில் சேர்க்கலாகாது. மில்வாக்கி நகரில் சீட்டுக் குலுக்கலில் இடம் கிடைத்த பிள்ளைகளையும் கிடைக்காத பிள்ளைகளையும் ஒப்பிட்டு 2006-ல் 'சயன்ஸ்' பத்திரிகையில் ஓர் ஆராய்ச்சி வந்தது. ஐந்து வயதில் படிப்பிலும் கணக்கிலும் மாண்டிசோரிப் பிள்ளைகளே முந்தி நின்றனர். ஆனால் 2012-ல் வந்த மற்றோர் ஆராய்ச்சியில், மாண்டிசோரிச் சாமான்களோடு வேறு விளையாட்டுச் சாமான்களையும் பயிற்சித் தாள்களையும் கலந்து நடத்திய வகுப்புகளில் அந்த முன்னேற்றம் குறைவாகவே காணப்பட்டது. கலப்படச் சரக்குக்கு உள்ள கதிதான்.

எப்படிச் சோதிப்பது? பள்ளித் தலைவியிடம் முன்கூட்டியே கேட்டு, ஒரு காலை வேளை வகுப்பின் மூலையில் உட்காருங்கள். பேச வேண்டாம், கைபேசியை எடுக்கவே வேண்டாம். உங்கள் பிள்ளையை மட்டும் பார்க்காமல் அறையைப் பாருங்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரே பாடத்தை ஒப்பிக்கிறார்களா, அல்லது அவரவர் எடுத்த வேலையில் இருக்கிறார்களா? வேலையில் மூழ்கிய பிள்ளையை ஆசிரியை இடையில் கூப்பிடுகிறாரா? இடையூறில்லாத நேரம் எவ்வளவு? மூன்று மணி நேரம் என்பது முறை. வயது கலந்திருக்கிறதா? ஆசிரியை எங்கே, எத்தனை நாள் பயிற்சி பெற்றவர்? இவற்றைக் கேட்பதில் வெட்கம் வேண்டாம். நல்ல பள்ளி மகிழ்ச்சியோடு பதில் சொல்லும். நட்சத்திரமும் மிட்டாயும் கொடுத்து வேலை வாங்குவதைக் கண்டால் சந்தேகப்படுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியது இதனினும் கடினம். ஏனெனில் அங்கே இடையூறாக நிற்பது நமது அன்பு. பள்ளியில் தானே தண்ணீர் ஊற்றிக் குடிக்கும் பிள்ளைக்கு, வீட்டில் பாட்டி சோறு ஊட்டுகிறார். பணிப்பெண் செருப்பு மாட்டுகிறாள். அவசரத்தில் நாமே சட்டைப் பொத்தானைப் போட்டுவிடுகிறோம். காலையில் பள்ளி கட்டியதை மாலையில் வீடு பிரிக்கிறது. பாட்டிமாரைக் கடிந்து பயனில்லை. ஒரு நாள் அவரையும் பள்ளிக்கு அழைத்துப் போய் உட்கார வையுங்கள். நம் வீட்டுப் பெரியவர், பேரப்பிள்ளை கண்ணாடிக் குவளையைச் சிந்தாமல் ஏந்தி வருவதைக் கண்டபின் ஊட்டுவதை நிறுத்திக்கொண்டார். நாம் சொன்னபோது நிறுத்தவில்லை!

சாமான் எதுவும் விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் ஓர் ஆணி, ஒரு சிறு கூஜா, புறப்படுமுன் பத்து நிமிஷம் கூடுதல் நேரம் ஆகியன போதும். மசாலைக் கடை வைத்திருப்பவர், ஏலம், கிராம்பு, பட்டை மூன்றையும் ஒவ்வொன்றும் இரண்டு சிறு புட்டியாக ஆறு புட்டியில் போட்டுக் காகிதம் சுற்றிக் கொடுத்தால், பிள்ளை மூடியைத் திறந்து முகர்ந்து ஜோடி சேர்க்கும். ஜவுளிக்காரர் வீட்டில் துண்டுத் துணிகளைத் தடவிப் பட்டு எது, பருத்தி எது என்று கண்ணை மூடிப் பிரிக்கலாம். இவையெல்லாம் அம்மையாரின் பாடத்திட்டத்தில் உள்ளவையே. விடுமுறையில் கடைக்கு அழைத்துச் சென்றால், கல்லாவின் மேல் உட்கார வைத்துக் கைபேசியைக் கொடுக்காமல், பொறுக்கவும் அடுக்கவும் ஒரு வேலை கொடுங்கள்.

தமிழ் விஷயம் ஒன்று மிச்சம். இங்குள்ள இப்பள்ளிகளில் பெரும்பாலும் பேச்சு இங்கிலீஷ். ஆறு வயதுக்குள் பிள்ளை காதில் விழும் மொழியைத் தானே உறிஞ்சிக்கொள்ளும் என்பது அம்மையாரின் கொள்கை. வீட்டில் தமிழ் விழாவிட்டால் எங்கே விழும்? ஆகவே எழுத்து அட்டையை நாமே செய்யலாம். இரும்புக்கடையில் மெல்லிய உப்புத்தாள் ஒன்று வாங்கி, அதன் பின்புறம் எழுத்தைத் திருப்பி வரைந்து வெட்டி, வழவழப்பான அட்டையில் ஒட்டுங்கள். பிள்ளையின் பெயரில் உள்ள எழுத்துக்களிலிருந்து தொடங்குவது நன்று. எழுதும் போக்கிலேயே இரண்டு விரலால் தடவிக் காட்டி, ஒலியைச் சொல்லுங்கள். முதல் நாள் 'இது ம' என்று மட்டும். பிறகொரு நாள் இரண்டு மூன்று அட்டையை வைத்து 'ம எது, காட்டு' என்று கேட்கலாம். அது நன்றாக வந்த பின்பே 'இது என்ன?' தவறினால் திருத்தாமல் அட்டையை எடுத்து வைத்துவிட்டு, இன்னொரு நாள் முதலிலிருந்து தொடங்குங்கள். ஒரு நாளைக்கு ஐந்து நிமிஷத்துக்கு மேல் வேண்டாம். கடை அடைத்து வருவதற்குள் பிள்ளை உறங்கிவிடும் என்பவர்கள், காலையில் தேநீர் ஆறும் நேரத்தில் வைத்துக்கொள்ளலாம்.